விரல்நுனிக்கு எழுத்தீந்த லூயி பிரெயில்

எழுத்தைக் கண்ணென்று போற்றுதல் நம் நாட்டு வழக்கு. ஆயின், புறக்கண்ணை இழந்தார்க்கு அவ்வெழுத்தாகிய கண்ணும் நெடுங்காலம் எட்டாதிருந்தது. அதனை அவர்க்கும் எட்டச் செய்த பெரியார் பிரெஞ்சு நாட்டினராகிய லூயி பிரெயில் என்பவர். அவரது வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம். அதற்கு எம்மைத் தூண்டியது சிறு நிகழ்ச்சி ஒன்று. அதனை முதற்கண் கூறிப் பின்னர் வரலாற்றிற் செல்வோம்.

எம் நண்பருள் ஒருவர் பார்வையிழந்தவர்; கல்வியிற் சிறந்தவர். ஒருகால் அவர் சுரத்தால் வருந்தியபோது, மருத்துவர் இருவகை மாத்திரைகளை எழுதிக் கொடுத்தார். ஒன்று நாடோறும் மும்முறை உண்ணற்பாலது. மற்றொன்று இரவில் ஒருமுறை மட்டுமே உண்ணற்பாலது. மருந்துக்கடையில் மாத்திரை அட்டைகளைக் கத்தரிக்கோலால் வேண்டிய அளவு வெட்டி, இரு காகித உறைகளில் இட்டு, உறைகளின்மேல் மையால் குறிப்பெழுதித் தந்தனர். உடனுறையும் தோழர் அக்குறிப்பைப் படித்துக் காட்டவே, நண்பர் ஓர் அட்டையின்மேல் நூலொன்றைச் சுற்றி அடையாளம் செய்துகொண்டார். மறுநாள் தோழர் ஊருக்குச் சென்றுவிட்டார். அன்றிரவு அந்நூல் கழன்று எங்கோ விழுந்துவிட்டது. அட்டைகள் இரண்டும் ஒரே அளவின. மாத்திரைகளும் ஒரே வடிவின. மருந்து கையில் இருந்தது; அதனை உண்ணும் முறையும் எழுத்தில் இருந்தது. எனினும், அவ்விரவு முழுதும் அவர் ஒன்றையும் உண்ணாது சுரத்தோடு கிடந்தார். தவறி உண்பதினும் உண்ணாதிருத்தலே நன்றென்று அவர் துணிந்தது அறிவுடைமையே. ஆயினும், கற்றறிந்த ஒருவரை அந்நிலையில் வைத்தது அவரது பார்வையின்மை அன்று. விரலாற் படிக்கத்தக்க எழுத்து அவ்வட்டையில் இல்லாமையே என்பது எமக்கு அன்று புலனாயிற்று. அவ்வெழுத்தை ஆக்கியவர் வாழ்க்கையை அறிய அவாவினோம். அறிந்தவற்றை எம் கல்லூரி அன்பர்களோடு பகிர்ந்துகொள்கின்றோம்.

பிறப்பும் பேரிடரும்

பாரிஸ் மாநகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 25 மைல் தொலைவில் கூவ்ரே என்னும் சிற்றூர் உளது. அவ்வூரில் சீமோன் ரெனே பிரெயில் என்பவர் குதிரைகளுக்குச் சேணமும் கடிவாள வாரும் செய்து விற்று வாழ்ந்துவந்தார். அவர் மனைவியார் பெயர் மோனிக். இவ்விருவர்க்கும் நான்காம் மகவாய் 1809-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 4-ஆம் நாள் லூயி பிறந்தார்.

தந்தையின் பட்டறை வீட்டோடு ஒட்டியிருந்தது. தோலும் கத்தியும் ஊசியும் நிறைந்த அவ்விடம் குழந்தைக்கு விளையாட்டுக் களமாகத் தோன்றியதில் வியப்பில்லை. 1812-ஆம் ஆண்டில், மூன்று வயதுக் குழந்தையாகிய லூயி, தந்தை செய்வது போலத் தானும் தோலைத் துளையிட முயன்றபோது, கையிலிருந்த குத்தூசி வழுக்கி ஒரு கண்ணிற் பாய்ந்தது. அந்நாளில் மருத்துவக் கலை இன்றுபோல வளர்ந்திலது. புண்ணில் நச்சுயிர்கள் புகுவதைத் தடுக்கும் முறையை லிஸ்டர் என்னும் ஆங்கில மருத்துவர் வெளியிட்டது 1867-ஆம் ஆண்டில். பெனிசிலின் என்னும் மருந்து கண்டறியப்பட்டது 1928-ஆம் ஆண்டில். ஆகவே பெற்றோர் செய்வித்த சிகிச்சை யாதும் பயன்தரவில்லை. காயமுற்ற கண்ணின் அழற்சி மற்றைக் கண்ணையும் பற்றிற்று. ஐந்தாம் வயதளவில் இரு கண்களும் முற்றும் ஒளியிழந்தன. மருத்துவம் அவரைக் கைவிட்டது இது முதன்முறை. இரண்டாம் முறையைப் பின்னர்க் காண்போம்.

கிராமக் கல்வி

அக்காலத்தில் பார்வையிழந்த ஏழைக் குழந்தைகளுட் பெரும்பாலார்க்கு இரந்துண்ணும் வாழ்க்கையே விதியாயிருந்தது. லூயியின் பெற்றோர் அவ்விதிக்கு இணங்காராயினர். தந்தை அவருக்குக் கைத்தடி செய்து கொடுத்து, ஊரின் தெருக்களில் தாமாகவே நடக்கப் பழக்கினார். மரப்பலகையில் ஆணிகளை எழுத்து வடிவாக அறைந்து, விரலால் தடவி எழுத்தறியும்படி செய்தார் என்றும் கூறுவர். பலுயி என்னும் ஊர்ப் பாதிரியார் சிறுவனுக்குப் பல செய்திகளை வாய்மொழியாகக் கற்பித்தார். ஊர்ப்பள்ளி ஆசிரியராகிய பெஷெரே என்பவர், ஏனைய மாணவரோடு அவனும் அமர்ந்து கேட்க இடமளித்தார். கேட்டவற்றை மறவாது ஒப்பிக்கும் ஆற்றலால் லூயி வகுப்பில் முன்நின்றார். எனினும் ஏனைய சிறுவர் நூலைத் திறந்து படிக்குங்கால், அவர் கைகளை மடிமீது வைத்துக்கொண்டு வாளா இருத்தலே நேர்ந்தது. செவிவழிக் கல்வி எவ்வளவு சிறந்ததாயினும், பிறர் படித்துக் காட்டும் வரையே அது செல்லும் என்பதை அவர் இளமையிலேயே உணர்ந்திருப்பார்.

அவ்வூர்ப் பெருநிலக்கிழார் ஒருவர் பாதிரியாரின் வேண்டுகோட்கிணங்கிப் பரிந்துரை செய்ய, பாரிஸிலிருந்த பார்வையற்ற இளைஞர்க்குரிய அரசாங்கக் கல்விச்சாலையில் லூயிக்கு இடம் கிடைத்தது. 1819-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 15-ஆம் நாள், பத்து வயதுச் சிறுவர் தந்தையோடு வண்டியேறிப் பாரிஸ் சேர்ந்தார்.

பாரிஸ் கல்விச்சாலை

அக்கல்விச்சாலையை நிறுவியவர் வாலந்தின் அவுயி என்னும் அருளாளர். 1771-ஆம் ஆண்டில் பாரிஸ் சந்தையொன்றில், பார்வையற்ற சிலருக்கு நகைப்பூட்டும் உடையும் பெரிய மூக்குக்கண்ணாடியும் அணிவித்து, இசைக்கருவிகளைத் தாறுமாறாக வாசிக்கச் செய்து, கூடினோர் எள்ளி நகைத்ததை அவர் கண்டார். அவ்விழிவைப் பொறாத அவர், இவர்களைக் கற்றவராக்குவேன் என்று உறுதிபூண்டார். 1784-ஆம் ஆண்டில் லெசுவர் என்னும் பார்வையற்ற இளைஞர் ஒருவரை முதல் மாணாக்கராகக் கொண்டு பாடம் தொடங்கினார். அடுத்த ஆண்டில் பள்ளி உருவாயிற்று. ஈரமான தடித்த தாளைப் பெரிய எழுத்தச்சுகளின்மேல் அழுத்தி, எழுத்துகள் மேலெழுந்து தோன்றுமாறு அவர் நூல்கள் அச்சிட்டார். பார்வையற்றோர் நூல் படித்தல் கூடும் என்பதை உலகுக்கு முதன்முதலில் மெய்ப்பித்தவர் அவரே.

ஆயினும் அம்முறையில் குறைகள் பல இருந்தன. ஒவ்வோர் எழுத்தும் பெரிதாகலின் ஒரு சிறு நூலும் சுமக்கலாகாப் பெருஞ்சுமையாயிற்று. எழுத்தின் வளைவும் கோடும் கண்ணுக்கு எளியன, விரலுக்கு அரியன. ஒரு சொல்லின் இறுதியைத் தடவி முடிக்குமுன் அதன் தொடக்கம் மறந்துபோம். இவை எல்லாவற்றினும் பெருங்குறை, அவ்வெழுத்தால் படிக்கலாமேயன்றி எழுதலாகாது என்பதே. ஒரு கடிதமோ, ஒரு கணக்கோ, தமக்கெனக் குறித்துவைக்கும் ஒரு சொல்லோ அம்மாணவர் எழுத வழியில்லை.

பள்ளியின் கட்டடமும் பழையது; இருளும் ஈரமும் நிறைந்தது. லூயியின் உடல்நலத்தை அது மெல்ல மெல்ல அரித்தது என்று அவர் வரலாறு எழுதினோர் கருதுவர். ஆனால் கல்வியில் அவர் தளரவில்லை. இலக்கணம், கணிதம், பூகோளம், இசை ஆகிய யாவற்றிலும் பரிசுகள் பெற்றார்.

பன்னிரு புள்ளியும் ஆறு புள்ளியும்

1821-ஆம் ஆண்டில் அப்பள்ளிக்குப் புதிய முறையொன்று வந்தது. பீரங்கிப் படையில் முன்னர்ப் பணியாற்றிய சார்ல் பார்பியே என்பவர், கோடுகளை விடுத்துப் புள்ளிகளால் எழுதும் முறையை அமைத்திருந்தார். பிரெஞ்சு மொழியின் ஒலிகளை 36 ஆக வகுத்து, அவற்றை வரிசைக்கு ஆறாக ஆறு வரிசையில் நிறுத்தினார். ஓர் ஒலி எத்தனையாவது வரிசையில், எத்தனையாவது இடத்தில் உளது என்பதை இரு நிரைப் புள்ளிகளால் காட்டினார். ஒரு நிரையில் ஆறு புள்ளிகள் வரை வரும்; இரு நிரைகளிலும் ஆகப் பன்னிரண்டு. கூரிய எழுத்தூசியால் தாளைக் குத்தி எவரும் எழுதலாம் என்பதே அதன் பெருஞ்சிறப்பு. படிப்பதோடு நில்லாது தாமே எழுதவும் இயலும் என்றறிந்த மாணவர் மகிழ்ச்சிக்கு அளவில்லை.

பன்னிரண்டு வயதினராகிய லூயி அம்முறையை விரைவிற் கற்றுத் தேர்ந்து, அதன் குறைகளையும் கண்டறிந்தார். ஆறு புள்ளி உயரமுள்ள குறி விரல்நுனியில் ஒருங்கே அடங்குவதன்று. விரலை மேலுங் கீழும் நகர்த்தியே அறிதல் வேண்டும். அது ஒலியைக் காட்டுமேயன்றிச் சொற்களின் எழுத்து முறையைக் காட்டாது. எண்களுக்கும், நிறுத்தற் குறிகளுக்கும், இசைக் குறிகளுக்கும் அதில் இடமில்லை. இக்குறைகளை நீக்குமாறு சிறுவர் கூறியவற்றைப் பார்பியே உவந்து ஏற்றிலர்.

ஆகவே லூயி தாமே முயலத் தொடங்கினார். பகலிற் பாடம் முடிந்த பின்னரும், பிறர் உறங்கும் இரவிலும், விடுமுறையில் கூவ்ரேயின் வீட்டு முற்றத்திலும், தாளும் எழுத்தூசியும் கொண்டு புள்ளிகளைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார். தம் கண்ணைக் கெடுத்த குத்தூசியை ஒத்த கருவியே அவர் கையில் எழுதுகோலாயிற்று. 1824-ஆம் ஆண்டில், பதினைந்தாம் வயதில், அவர் முறை பெரும்பாலும் உருப்பெற்றுவிட்டது.

அம்முறை மிக எளியது. இருநிரையாக நிரைக்கு மூன்று வீதம் ஆறு புள்ளிகளுக்கு இடம் வகுத்தார். இடப்புறம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்புறம் அவ்வாறே 4, 5, 6. இவ்வாறு இடங்களுள் சிலவற்றிற் புள்ளியிட்டும் சிலவற்றை வெறிதாக விட்டும் 63 வேறு குறிகளை அமைக்கலாம். முதற்பத்து எழுத்துகளுக்கு மேலுள்ள நான்கு இடங்களே போதும். அவற்றோடு மூன்றாம் புள்ளியைக் கூட்டினால் அடுத்த பத்து எழுத்துகள் வரும். ஆறாம் புள்ளியையும் கூட்டினால் எஞ்சியவை வரும். முதற்பத்து எழுத்துகளின் முன் எண்குறி ஒன்றை இட்டால் அவையே 1 முதல் 9 வரையுள்ள எண்களும் சுழியமும் ஆகும். குறி முழுதும் விரல்நுனியின் கீழ் ஒருங்கே அடங்கும். விரல் நில்லாது வரியின்மேற் செல்லலாம். கண்ணுக்கென அமைந்த எழுத்தை விரலுக்கு மாற்ற முயன்றவர் முன்னோர். விரலுக்கென்றே எழுத்தை அமைத்தவர் பிரெயில். அவரது வெற்றியின் காரணம் இதுவே என்று யாம் கருதுகின்றோம்.

1829-ஆம் ஆண்டில், சொற்களையும் இசையையும் புள்ளிகளால் எழுதும் முறையை விளக்கி அவர் நூல் வெளியிட்டார். அந்நூலில் பார்பியேக்குத் தாம் கடப்பாடுடையர் என்பதை மறையாது கூறினார். அந்நூலே பழைய மேடெழுத்தில்தான் அச்சாயிற்று. புதிய எழுத்தைப் படிக்கவல்லார் அப்போது மிகச் சிலரே. 1837-ஆம் ஆண்டில் அதன் திருந்திய பதிப்பு வெளிவந்தது. முதற்பதிப்பில் புள்ளியோடு கலந்திருந்த சிறு கோடுகள் தடவி அறிதற்கு அரியன என்று கண்டு, அவற்றை இதில் நீக்கினார்.

ஆசிரியப் பணி

1828-ஆம் ஆண்டில் துணையாசிரியராகவும், 1833-ஆம் ஆண்டில் முழு ஆசிரியராகவும் லூயி தாம் பயின்ற பள்ளியிலேயே அமர்ந்தார். பாடங்களைச் சுருக்கமாகவும் தெளிவாகவும் கற்பிப்பதில் வல்லவர். இசையில் அவர்க்கிருந்த தேர்ச்சியால், பாரிஸ் மாநகரத் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் பணியும் வாய்த்தது. வருவாய் சிறிதேயாயினும், நூல் வாங்க இயலாத மாணவர்க்குத் தம் பொருளால் உதவினார். தாமே பல நூல்களைப் புள்ளியெழுத்திற் படியெடுத்தும் கொடுத்தார்.

அவர் கருத்து மேலுஞ் சென்றது. பார்வையற்றோர் தம்முள் எழுதிப் படிக்க வழியுண்டாயிற்று. பார்வையுடையார்க்கு அவர் எழுதுவது எங்ஙனம்? வீட்டிலிருக்கும் தாய்க்கு மகன் ஒரு கடிதம் விடுத்தற்கும் பிறர் கையை வேண்டினான். இதனை எண்ணி, வழக்கிலுள்ள எழுத்துகளின் வடிவத்தையே பத்துப் புள்ளி உயரத்தில் புள்ளிகளால் அமைக்கும் மற்றொரு முறையை 1839-ஆம் ஆண்டில் வெளியிட்டார். புள்ளி புள்ளியாகக் குத்துதல் நெடுநேரம் கொண்டமையால், பூக்கோ என்னும் பார்வையற்ற நண்பர் அதனை விரைந்து எழுதும் பொறியொன்றை அமைத்துத் தந்தார். இன்றைய தட்டெழுத்துப் பொறிக்கு முன்னோடிகளுள் இதனையும் எண்ணுதல் தகும்.

எதிர்ப்பும் ஏற்பும்

இத்துணை நன்மை தரும் முறையை எல்லாரும் உடனே ஏற்றிருப்பர் என்று நினைத்தல் தவறு. மாணவர் அதனை உயிரெனக் கொண்டனர். ஆனால் பார்வையுடைய தலைவர் பலர்க்கு அது ஐயமூட்டிற்று. பார்வையுடையார் படிக்கலாகா எழுத்து, பார்வையற்றோரை உலகினின்று பிரித்துவிடும் என்பது அவர் கூறிய காரணம். லூயியை ஆதரித்து வந்த தலைமை ஆசிரியர் பிஞ்ஞியே 1840-ஆம் ஆண்டில் பதவியினின்று நீக்கப்பட்டார். அவருக்குப் பின் வந்த துபோ என்பவர் வேறொரு மேடெழுத்து முறையை விரும்பிப் புள்ளியெழுத்தைப் பள்ளியில் விலக்கினார். பழைய நூல்கள் தீக்கிரையாயின என்றும் எழுதியுள்ளனர். மாணவரோ விலக்குக்கு அஞ்சினாரல்லர். மறைவாகப் புள்ளியெழுத்திற் குறிப்பெடுத்தனர். மூத்தோர் இளையோர்க்கு மறைவாகவே கற்பித்தனர்.

துபோவின் துணைவராயிருந்த குவாதே என்பவர் இதனைக் கண்டார். மாணவர் தாமே விரும்பிப் பற்றும் ஒன்றில் மெய்ப்பயன் இருத்தல் வேண்டும் என்று உணர்ந்து, தலைவரின் மனத்தை மாற்றினார். 1844-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 22-ஆம் நாள் பள்ளியின் புதிய கட்டடத் திறப்புவிழா நிகழ்ந்தது. அவ்விழாவில் குவாதே பிரெயில் முறையின் வரலாற்றை அவையோர்க்கு எடுத்துரைத்தார். அம்முறையால் எழுதலும் படித்தலும் அவையோர் கண்முன்னே செய்து காட்டப்பட்டன. லூயி தம் முயற்சி ஏற்கப்பட்டதைத் தம் வாழ்நாளிலேயே கண்டது பெறற்கரும் பேறே.

மறைவு

ஆனால் அப்பேற்றை நுகரும் நலம் அவர் உடலுக்கு இல்லை. ஏறத்தாழ 26-ஆம் வயதிலேயே க்ஷயரோகம் அவரைப் பற்றியிருந்தது. அந்நோயின் கிருமியைக் கோக் என்னும் ஜெர்மானிய அறிஞர் கண்டது 1882-ஆம் ஆண்டில். அதனைத் தீர்க்கும் ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்து கிடைத்தது 1943-ஆம் ஆண்டில். எனவே இரண்டாம் முறையும் மருத்துவத்தால் அவரைக் காக்க இயலவில்லை. ஓய்வும் ஊர்க்காற்றுமே மருந்தாக, கூவ்ரேக்கும் பாரிஸுக்குமாகப் பல ஆண்டுகள் கழித்தார். 1851-ஆம் ஆண்டு டிசம்பரில் நோய் முற்றிற்று. 1852-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 6-ஆம் நாள், தம் 43-ஆம் பிறந்தநாளுக்கு இரு நாள் கழித்து, நண்பரும் தமையனாரும் சூழ்ந்திருக்க உயிர்நீத்தார். அவர் உடல் பிறந்த ஊரில் அடக்கம் செய்யப்பட்டது.

1854-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாடு அவர் முறையை முறைப்படி ஏற்றது. 1878-ஆம் ஆண்டில் பாரிஸில் கூடிய பன்னாட்டு மாநாடு அதனையே சிறந்ததெனத் தேர்ந்தது. ஆங்கில நாட்டில் அதனைப் பரப்பியவர் ஆர்மிடேஜ் என்னும் மருத்துவர். பார்வை மங்கியமையால் மருத்துவத் தொழிலை விட்ட அவர், 1868-ஆம் ஆண்டில் சங்கமொன்றை நிறுவி, பார்வையற்றோர்க்கு எம்முறை நன்றென்பதைப் பார்வையற்றோரே ஆராய்ந்து முடிவுசெய்தல் வேண்டும் என்னும் கொள்கையால் பிரெயில் முறையைத் தேர்ந்தார். நம் தமிழகத்தில், 1890-ஆம் ஆண்டையொட்டி ஆஸ்க்வித் அம்மையார் பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கினார். இந்திய மொழிகளுக்குப் பலவாறாக இருந்த புள்ளியெழுத்துகள் 1951-ஆம் ஆண்டளவில் பாரதி பிரெயில் என்னும் ஒரே முறையாயின. அதில் நம் ககரத்துக்கு முதலாம் மூன்றாம் புள்ளிகள். மகரத்துக்கு முதலாம் மூன்றாம் நான்காம் புள்ளிகள். பிரெஞ்சுச் சிறுவர் தம் மொழியில் அவ்வொலிகளுக்குத் தந்த அதே குறிகளை இன்று தமிழ்ச் சிறுவர் தடவிப் படிக்கின்றனர்.

இறந்து நூறாண்டு நிறைந்த 1952-ஆம் ஆண்டில், அவரது உடல் பெருஞ்சிறப்போடு பாரிஸுக்குக் கொணரப்பட்டு, பிரெஞ்சு நாட்டுப் பெரியோர் துயிலும் பாந்தெயோன் மண்டபத்தில் வைக்கப்பட்டது. கைகளை மட்டும் கூவ்ரே ஊரார் தம்மிடமே வைத்துக்கொண்டனர். அவர் பிறந்து இருநூறாண்டு நிறைந்த 2009-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் அவர் நினைவாக நாணயம் வெளியிட்டது. அவர் பிறந்தநாளாகிய ஜனவரி 4 ஐக்கிய நாடுகளின் சபையால் 2019-ஆம் ஆண்டு முதல் உலகப் பிரெயில் நாளாகக் கொண்டாடப்படுகின்றது.

மருந்துப் பேழையில் அவர் எழுத்து

இனி, தொடக்கத்தில் கூறிய நிகழ்ச்சிக்கு மீள்வோம். மருத்துவம் லூயி பிரெயிலை இருமுறை கைவிட்டது. அவரது எழுத்தோ, அவர் மறைந்து ஒன்றரை நூற்றாண்டு கழிந்தபின், மருத்துவத்துக்கு உதவ வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2004-ஆம் ஆண்டில் செய்த சட்டத்தின்படி, ஆங்கு விற்கும் மருந்துப் பேழையின்மேல் மருந்தின் பெயர் பிரெயில் எழுத்திலும் இருத்தல் வேண்டும். ஒரே மருந்து பல வலிமைகளில் வருமாயின் அவ்வலிமையும் குறிக்கப்படும். பேழையினுள் வைக்கும் விளக்கத் தாளையும், நோயாளர் சங்கங்கள் வேண்டினால், பார்வையற்றோர்க்கு ஏற்ற வடிவில் தருதல் மருந்து நிறுவனத்தார் கடமை. விரல் தடுமாறாதிருக்க, புள்ளிக்குப் புள்ளி இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டு அச்சிடுகின்றனர்.

இதன் பயன் யாது? 250 மில்லிகிராம் மாத்திரையும் 500 மில்லிகிராம் மாத்திரையும் ஒரே பேழை வடிவில் வரலாம். எண்குறியை அடுத்து வரும் முதற்குறியில், இரண்டுக்கு இடப்புறத்து மேலிரு புள்ளிகள். ஐந்துக்கோ இடப்புறத்து முதற்புள்ளியும் வலப்புறத்து நடுப்புள்ளியும். ஒரு புள்ளியின் இடமாற்றம் மருந்தின் அளவை இருமடங்காக்கும் என்பதை விரல் நொடியில் அறிந்துகொள்ளும். பதினைந்து வயது மாணவர் ஒருவர் நள்ளிரவில் அமைத்த குறி, இன்று ஒருவர் உயிரைக் காக்கும் குறியாக நிற்கின்றது.

எனினும், இதனோடு யாவும் நிறைவுற்றன என்று கூறுதல் உண்மையாகாது. பேழையின்மேல் மருந்தின் பெயர் உண்டு. நாளைக்கு எத்தனை, உண்பதற்கு முன்னோ பின்னோ என மருத்துவர் தனித்தனி எழுதிய முறை அதில் இல்லை. மேலும், பார்வையிழந்தார் அனைவரும் பிரெயில் அறிந்தவரல்லர். நீரிழிவால் முதுமையிற் பார்வையிழந்தார் பலர்க்கு அந்நோயே விரலின் உணர்ச்சியையும் மழுக்கிவிடும். அவர்க்குப் பேசுங் குறிச்சீட்டும், மங்கிய பார்வையுடையார்க்குப் பேரெழுத்தும் வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாட்டில் 2012-ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி கூடிய குழுவினர், மருந்துக்கடையார் இம்மூவகையிலும் மருந்துச் சீட்டின் செய்தியைத் தருதல் வேண்டும் என 2013-ஆம் ஆண்டில் நெறிமுறைகள் வகுத்தனர். அவை அறிவுரையேயன்றிக் கட்டாயமல்ல.

நம் நாட்டில் இன்னுமோர் இடையூறு உளது. பேழையோடு மருந்து வாங்குவோர் சிலரே. அட்டையை வெட்டி வேண்டிய மாத்திரை மட்டும் வாங்குதலே பெருவழக்கு. ஏழையர்க்கு அது உதவியே, அதனைக் குறைகூறோம். ஆயின் வெட்டும்போது மருந்தின் பெயரும், கெடுநாளும் பார்வையுடையார்க்கே மறைந்துபோகின்றன. பேழையின்மேற் பிரெயில் இருப்பினும் அப்பேழை கடையிலேயே தங்கிவிடும். ஆகவே இங்கு மருந்து கொடுக்கும் உறையின்மேலேயே குறி அமைதல் வேண்டும். பிரெயில் எழுதும் சட்டமும் எழுத்தூசியும் விலை மிகுந்தன அல்ல. ஒரு தடித்த தாள் துண்டில் மருந்தின் பெயரையும் வேளையையும் புள்ளியாற் குத்தி உறையிலே ஒட்டுதல் சில நிமிட வேலை. எம் நண்பர்க்கு அவ்வாறு செய்து கொடுத்தோம். செய்யக் கற்பித்தவரும் அவரே. அதன்பின் அவர் நூலைத் தேடியதில்லை.

நம் கடமை

பார்வையற்ற தோழர்க்குப் படித்துக் காட்டுதல் நற்செயல் என்பதில் ஐயமில்லை. எனினும், அத்தோழர் தாமே படித்துக்கொள்ளும்படி செய்தல் அதனினும் நற்செயலாகும். படித்துக் காட்டுவார் எந்நேரமும் உடனிரார்; எழுத்து எந்நேரமும் உடனிருக்கும். தம் நோய் இன்னதென்றும், தாம் உண்ணும் மருந்து இன்னதென்றும் பிறர்க்கு அறிவியாது தாமே அறியும் உரிமை பார்வையுடையார்க்கு இயல்பாக உளது. அவ்வுரிமையை ஏனையோர்க்கும் அளிப்பது இவ்வாறு புள்ளிகளே.

நம் கல்லூரியிற் பயில்வோருள் நாளை மருத்துவராவாரும், மருந்துக்கடை நடத்துவாரும், மருந்து செய்யும் நிறுவனங்களிற் பணிபுரிவாரும், சட்டம் இயற்றும் அவைகளில் அமர்வாரும் உண்டு. அவர் ஒவ்வொருவரும் தம் கையிலிருந்து செல்லும் சீட்டை ஒருகணம் கண்மூடித் தடவிப் பார்ப்பாராக. அது வெறுந்தாளாகவே இருப்பின், கூவ்ரேயின் சேணக்காரர் மகனை நினைவு கூர்வாராக. செல்வமும் பதவியும் பார்வையும் இன்றி, ஒரு தாளும் ஓர் ஊசியும் கொண்டு அவர் செய்தது அத்துணை. இவை யாவும் பெற்ற நாம் செய்யத்தக்கது எத்துணை என்பதை எண்ணிப் பார்த்தல் நம் கடன்.

லூயி பிரெயிலின் புகழ் என்றும் நின்று வாழ்க!